கிருஷ்ணைக்கு அடியில் விஜயபுரி

பிப்ரவரி 20, வியாழன்: குண்டூர், மாச்சர்லா, விஜயபுரி சவுத்

குண்டூரில் மாச்சர்லா பஸ் ஏறி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, தும்மல் ஆரம்பித்துவிட்டது. எனக்கு மட்டுமில்லை, பஸ்ஸில் பாதிப் பேருக்கு. மிளகாய் அறுவடைக் காலம். சாலையோரக் களங்களில் மிளகாயைப் பரப்பிக் காயவைத்திருக்கிறார்கள். காற்றடிக்கும்போதெல்லாம் நெடி ஜன்னல் வழியே உள்ளே வருகிறது. உள்ளூர்ப் பெண்கள் முந்தானையை மூக்கோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். பெரியப்பா கண்ணில் நீர் வழிய வழிய ஜன்னலை மூட விடமாட்டேன் என்கிறார். கால்வாய் வருமாம், பார்க்க வேண்டுமாம்.

பெரியப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் பெரும்பகுதி மேட்டூரில். மற்றவர்கள் கோயில் கோயிலாகப் போவதுபோல இவர் அணை அணையாகப் போவார். நான் பார்க்க ஆசைப்பட்டது நாகார்ஜுனகொண்டாவை, விஜயபுரி என்ற பழைய தலைநகரம் இருந்த இடம். அவர் கிளம்பியது நாகார்ஜுன சாகர் அணைக்கு. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதுதான் சிக்கல். அவருடைய அணை நிறைந்ததால்தான் நான் தேடிப் போன ஊர் மூழ்கியது. பஸ்ஸில் ஏறும்போதே இதைச் சொல்லி வம்புக்கு இழுத்தேன். "அந்த மிளகாயைப் பாரு, அதெல்லாம் இந்தத் தண்ணிதாம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி தும்மினார்.

கால்வாய் வந்தது. வலது கரைக் கால்வாய்க்கு ஜவகர் கால்வாய் என்று பெயர், இடது கரையில் ஓடுவது லால் பகதூர் கால்வாய். 1967 ஆகஸ்டில் இந்திரா காந்தி தண்ணீர் திறந்துவிட்டார். அகலத்தைப் பார்த்து, இது கால்வாயா ஆறா என்று நான் கேட்டதில் பெரியப்பாவுக்கு ஏக சந்தோஷம், என்னமோ அவரே வெட்டியது மாதிரி.

மாச்சர்லாவில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, 130 ரூபாய். பெரியப்பா வழக்கம்போல முதல் சோற்றிலேயே சாம்பாரை ஊற்றப் போக, பரிமாறியவர் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்துவிட்டார். முதலில் பொடியும் நெய்யும், அப்புறம் பப்பு, அப்புறம் கோங்கூரா, கூடவே கடிக்க ஒரு பச்சை வெங்காயம், சாம்பாரெல்லாம் அதற்குப் பிறகுதான். அதட்டல்தான், ஆனால் அன்பான அதட்டல். நெய்யை மறுபடி மறுபடி கொண்டுவந்து விட்டார், காசு கேட்கவில்லை. கோங்கூராவின் புளிப்பு நாக்கில் மாலை வரை இருந்தது.

விஜயபுரி சவுத் அணையின் ஆந்திரக் கரை. லாட்ஜ் 1,200 ரூபாய், வெந்நீர் வாளியில் வரும். சாயங்காலம் அணையைப் பார்க்கப் போனோம். மேலே நடக்க விடவில்லை. 2014இல் மாநிலம் பிரிந்த பிறகு அணையின் நடுவில்தான் எல்லை: 26 ஷட்டர்களில் 13 இந்தப் பக்கம், 13 அந்தப் பக்கம். 2023 நவம்பர் கடைசியில் ஆந்திரப் போலீஸ் தங்கள் பாதிக்குள் புகுந்து முள்வேலி போட, பெரிய தகராறாகி, பிறகு மத்திய ரிசர்வ் போலீஸ் காவலுக்கு வந்தது. பெரியப்பா தன் பழைய அடையாள அட்டையையெல்லாம் எடுத்துக் காட்டினார். துப்பாக்கியோடு நின்ற பையன் சிரித்துக்கொண்டே, "நை, அங்கிள்" என்றான். முல்லைப் பெரியாறையே பார்த்தவன் நான், எனக்கு இது புதுசா என்று முனகிக்கொண்டே கீழே வந்து, தூரத்திலிருந்து அரை மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தார்.

நானும் பார்த்தேன். ஒத்துக்கொள்ள வேண்டும், பிரமாண்டம்தான். அடித்தளத்திலிருந்து 124 மீட்டர் உயரம். நடுப்பகுதி கான்கிரீட் இல்லை, முழுக்கக் கற்கட்டு. பக்ரா அணையைக் கான்கிரீட்டில் கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கே இயந்திரம் வாங்க அந்நியச் செலாவணி இல்லை, வேலை கேட்டு ஆட்கள் இருந்தார்கள். அதனால் சாரம் கட்டி, சரிவுப் பாதை போட்டு, மனிதர்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு போய் அடுக்கிய அணை இது. "உலகத்துல இவ்ளோ பெரிய கற்கட்டு அணை கட்ட இனி எவனுக்கும் தைரியம் வராது" என்றார் பெரியப்பா.

அவர் சொன்ன இன்னொரு கதை எனக்குப் புதிது. 1950களின் தொடக்கத்தில் குண்டூர் மாவட்டம் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. கிருஷ்ணா நீரைப் பெண்ணாற்றில் இணைத்துத் தெற்கே கொண்டுவர அப்போதைய சென்னை அரசு ஒரு திட்டம் வைத்திருந்தது. தண்ணீர் தமிழ் மாவட்டங்களுக்குப் போய்விடும் என்று ஆந்திரப் பக்கத்தில் கொந்தளிப்பு. முக்தியாலா ராஜா ஊர் ஊராக விவசாயிகளைத் திரட்டி, இப்போது அணை நிற்கும் நந்திகொண்டாவில் அணை கட்டு என்று பிடிவாதமாக நின்றார். 1952இல் கோஸ்லா தலைமையிலான நிபுணர் குழு வந்து பார்த்து அந்த இடம் சரிதான் என்றது. நமக்கு வர வேண்டிய தண்ணீர் அப்படி வராமல் போய், கடைசியில் தெலுங்கு கங்கையாக 1996இல் பூண்டிக்கு வந்து சேர்ந்தது, அதுவும் மேலே ஸ்ரீசைலத்திலிருந்து. ஆக விஜயபுரி மூழ்கிய கதையில் மதராஸுக்கும் ஓர் ஓரத்தில் பங்கு உண்டு.

ராத்திரி சாலையோரக் கடையில் கொர்ரமீனு வறுவல், தட்டு 180 ரூபாய். மீன் நம்ம விரால்தான். மசாலாவின் நிறத்தைப் பார்த்துப் பயந்தேன், ஆனால் நிறத்தில் இருந்த காரம் வாயில் இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி: அனுப்பு

நாகார்ஜுனகொண்டா தீவில் உள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் இன்று அனுப்பு என்ற இடத்துக்கு. ஆட்டோ போகவர 700 ரூபாய், நடுவில் எத்திப்போத்தலா அருவியும் சேர்த்து. ஓட்டுநர் இளைஞர். ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, நீங்கள் விஜய் ரசிகரா அஜித் ரசிகரா என்பது. பெரியப்பா சிவாஜி என்றதும் பேச்சு நின்றது.

அனுப்பு, அணை நீர்த்தேக்கத்தின் கரையில் உள்ள இடம். மூழ்கவிருந்த பள்ளத்தாக்கிலிருந்து பிரித்தெடுத்த சில கட்டடங்களை இங்கே கொண்டுவந்து மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு எங்களைத் தவிர யாரும் இல்லை. இரண்டு நாய்கள், பத்துப் பதினைந்து ஆடுகள், காய்ந்த புல்லில் காற்று. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் இக்ஷ்வாகு அரசர்களின் தலைநகரான விஜயபுரி, மூன்று பக்கம் நல்லமலைக் குன்றுகளும் நான்காவது பக்கம் கிருஷ்ணையுமாக ஒரு பெரிய பள்ளத்தாக்கில் இருந்தது. அரசர்கள் வேள்வி செய்த வைதீகர்கள். முதல் அரசன் சாந்தமூலன் அசுவமேதம் செய்தவன். அவர்கள் வீட்டுப் பெண்களோ பௌத்தத் தூபிகளுக்கும் துறவிகள் தங்கும் விகாரைகளுக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். மகாசைத்தியம் என்ற பெரிய தூபியை எழுப்பியது சாந்தமூலனின் சகோதரி சாந்தசிரி. ஒரே வீட்டில் இரண்டும் நடந்திருக்கிறது. சண்டை வந்ததா என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

இங்கே எல்லோரும் வந்து நிற்பது அந்த அரங்கத்தில்தான். நடுவில் செவ்வகமாக ஒரு ஆடுகளம், நான்கு பக்கமும் படிப்படியாக உட்காரும் வரிசைகள், மேலே சுண்ணாம்புக்கல் பாவியது. இந்தியாவில் இந்த மாதிரி இன்னொன்று சொல்லத் தேடினால் கிடைப்பது அரிது. மல்யுத்தமா, கூத்தா, இசையா, என்ன நடந்ததோ. பெரியப்பா நடுவில் போய் நின்று கைதட்டிப் பார்த்தார். எதிரொலி நன்றாகவே வந்தது. பிறகு மழைத்தண்ணீர் எங்கே வடியும் என்று கேட்டுக்கொண்டு மூலை மூலையாகக் குனிந்து வடிகாலைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

வெயில் ஏறுவதற்குள் விகாரைப் பகுதிக்கு நடந்தோம். எதிரெதிராக இரண்டு சைத்தியங்கள், அதாவது வழிபாட்டுக் கூடங்கள், பின்புறம் அரைவட்டமாக வளைந்தவை. ஒன்றில் தூபி, ஒன்றில் புத்தர். வெறும் சின்னத்தை வழிபட்டவர்களும் உருவத்தை வழிபட்டவர்களும் ஒரே வளாகத்தில் இருந்ததற்குச் சாட்சி. உதிரியாகச் சொல்கிறேன்: வழிகாட்டிப் பலகைகள் படுமோசம். பாதி எழுத்து உரிந்துவிட்டது. மீதியில் கட்டடத்தின் பெயர் இருக்கிறது. அது முதலில் எங்கே இருந்தது, எத்தனை தூரத்திலிருந்து வந்தது என்று ஒரு வரி இல்லை. முதல்முறை வருகிறவர் இதெல்லாம் இங்கேயே பிறந்தது என்றுதான் நினைப்பார்.

ஆடு மேய்த்தவர் எழுபதைத் தாண்டியவர். நிழலுக்காக நாங்கள் உட்கார்ந்த வேப்பமரத்தடிக்கு அவரும் வந்தார். என் அரைகுறைத் தெலுங்கும் அவருடைய பொறுமையும் சேர்ந்து பேச்சு நடந்தது. பெரியப்பாவை "பாபு" என்றார், என்னை "அம்மா". அவருடைய ஊரும் தண்ணீருக்கடியில்தான். சின்னப் பையனாக இருந்தபோது கிளம்பினார்களாம். என்ன எடுத்துக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணினார்: கதவு, நிலை, உத்தரம், ஆட்டுக்கல், மாடுகள், அப்புறம் பொலேரம்மா. ஊர் எல்லையில் இருந்த அம்மன் கல்தான். முழங்கால் உயரம் இருக்குமாம். குங்குமத்தைத் துடைக்காமல், வைக்கோல் பரப்பி, மாட்டு வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். வண்டி மேடேறும்போது கல் சரிந்துவிடாமல் இருக்கப் பையன்கள் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார்கள், அதில் ஒருவர் இவர். புது ஊரில் கோழி வெட்டிக் கும்பிட்டு அமர்த்தினார்களாம். இன்னும் இருக்கிறாளா என்றேன். "எங்கே போவாள்?" என்றார்.

தொல்லியல் துறை ஒரு பக்கம் தூபிகளைப் பிரித்துத் தூக்கிக்கொண்டிருந்த அதே பள்ளத்தாக்கில், இன்னொரு பக்கம் வைக்கோல் வண்டியில் இந்தக் கல் போயிருக்கிறது. இதற்கு நிபுணர் குழு எதுவும் கூடவில்லை. எனக்கு அந்த அரங்கத்தைவிட இந்த வண்டிதான் ராத்திரி வரை மனதில் ஓடியது. பெரியப்பாவும் அன்று மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. மேட்டூர் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் இரட்டைக் கோபுர தேவாலயமும் வெளியே வரும், பார்த்திருக்கிறாயா என்று மட்டும் கேட்டார். பார்த்திருக்கிறேன். கூட்டத்தோடு நின்று போட்டோ எடுத்திருக்கிறேன். அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கத் தோன்றியதில்லை.

எத்திப்போத்தலா பரவாயில்லை. எழுபது அடி உயர அருவி. வெயில் காலத்திலும் விழுவதற்குக் கால்வாயிலிருந்து தண்ணீர் விடுகிறார்கள். கீழே முதலைகள். வறுத்த வேர்க்கடலை 20 ரூபாய். திரும்பும் வழியில் ஆட்டோ டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் காற்றில்லாமல் கிடந்தது. முக்கால் மணி நேரம் சாலையோரம் நின்றோம். அந்த வழியே போன டிராக்டர்காரர் தானாக நிறுத்தி, டயரையும் ஓட்டுநரையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பஞ்சர் ஒட்டித் திரும்பக் கொண்டுவந்து விட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிப்ரவரி 22, சனி: தீவு

காலையில் படகுத்துறை. ஆள் சேர்ந்தால்தான் லாஞ்ச் கிளம்பும் என்றார்கள். நாங்கள், குண்டூரிலிருந்து வந்த ஒரு புதுமணத் தம்பதி, ஜப்பானியப் பிக்கு ஒருவர். அவ்வளவுதான். அது போதாதாம். ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். டிக்கெட் கொடுப்பவரிடம் எப்போது கிளம்பும் என்று கேட்டால், "வஸ்தாரு, வஸ்தாரு" என்பார், யார் வருவார்கள் என்று சொல்லமாட்டார். வந்தார்கள்: ஒரு பள்ளிக்கூட பஸ் நிறையப் பிள்ளைகள். அரை நிமிடத்தில் லாஞ்ச் நிரம்பி, மேல்தளத்தில் இடம் பிடிக்கச் சண்டை. பிக்கு தன் இடத்தை ஒரு சிறுமிக்குக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றே வந்தார்.

முக்கால் மணி நேரத்துக்கும் மேலான பயணம். காற்று பலமாக இருந்தது, பெரியப்பாவின் தொப்பி தண்ணீரோடு போய்விட்டது. தண்ணீர் பச்சையும் நீலமுமாகக் கரை தெரியாமல் கிடக்கிறது. முழு மட்டம் 590 அடி. கட்டியபோது 408 டி.எம்.சி. பிடித்தது, இப்போது வண்டல் சேர்ந்து 312தான் என்றார் பெரியப்பா. மேட்டூர் மொத்தமே 93 சொச்சம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

தீவு என்பது பழைய நாகார்ஜுனகொண்டா மலையின் உச்சிதான். கீழே பள்ளத்தாக்கிலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் எழுந்து நின்ற மலை, இன்று தண்ணீருக்கு மேல் தெரிவது மேல்பகுதி மட்டும். லாஞ்ச் துறையை நெருங்கும்போது நாம் மிதப்பது விஜயபுரிக்கு மேலேதான்: வீதிகள், கோயில்கள், விகாரைகள், கூடவே அண்மைக்காலம் வரை ஆட்கள் குடியிருந்த புல்லாரெட்டிகூடெம் கிராமம். பிள்ளைகள் தெலுங்குப் பாட்டு ஒன்றைக் கத்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் எழுந்து, கீழே ஒரு நகரம் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். ஒரு பையன் உடனே எட்டிப் பார்த்துவிட்டு, "தெரியலையே சார்" என்றான்.

சரி, என்ன காப்பாற்றினார்கள் என்பதைச் சொல்கிறேன். 1926இல் இந்த இடிபாடுகள் தொல்லியல் துறையின் கவனத்துக்கு வந்தன. தொல்லியலாளர் லாங்ஹர்ஸ்ட் சில வருடங்கள் தோண்டினார். ஆனால் பள்ளத்தாக்கு முழுவதையும் கைவைத்தது அணை உறுதியான பிறகுதான். 1954 முதல் 1960 வரை ஆர். சுப்ரமணியம் தலைமையில் அகழாய்வு. கற்காலக் கருவிகளிலிருந்து இடைக்காலக் கோட்டை வரை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள். அதில் ஒன்பதை மட்டும் பெயர்த்துக்கொண்டுவந்து மலைமேல் மறுபடி எழுப்பினார்கள், இன்னும் சிலவற்றுக்கு மாதிரிகள் செய்து வைத்தார்கள். 1966இல் அருங்காட்சியகம். எகிப்தில் அஸ்வான் அணைக்காக அபு சிம்பல் கோயிலை அறுத்துத் தூக்கியதை உலகமே பேசுகிறது. யுனெஸ்கோ அதற்கு அழைப்பு விடுத்தது 1960இல். அந்த வருடம் இங்கே அகழாய்வே முடிந்துவிட்டது. நம் தொல்லியல் துறையிலிருந்து பி.பி. லால் தலைமையில் ஒரு குழு எகிப்தின் நூபியாவுக்குப் போய் அங்கேயும் தோண்டியது. அபு சிம்பல் தெரிந்த நம் ஆட்களுக்கு நாகார்ஜுனகொண்டா தெரியாது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இறங்கியதும் லாஞ்ச்காரர் அறிவித்தார்: ஒரு மணி நேரம், அதற்குள் திரும்ப வேண்டும். ஒன்றரை மணி நேரம் எங்களைக் காக்க வைத்தவர்தான் அவர். நான் ஓடாத குறை.

மகாசைத்தியத்தைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். மேலே இருந்து பார்த்தால் சக்கரம் மாதிரி தெரியும். நடுவில் குடம், அதிலிருந்து ஆரங்கள், சுற்றிலும் வட்டச் சுவர், எல்லாம் செங்கல். இடையில் மண் நிரப்பியிருப்பார்கள். முழுக்கச் செங்கல்லால் கட்டினால் ஆகும் செலவில் பாதிகூட ஆகாது, பலமும் குறையாது என்று பெரியப்பா விளக்கினார், அதில் கட்டியவர்கள் மேல் ஒரு தொழில்முறை மரியாதை. நான்கு திசையிலும் மேடை. ஒவ்வொரு மேடையிலும் ஐந்தைந்து தூண்கள் நின்றிருக்கும், புத்தரின் வாழ்வில் ஐந்து நிகழ்வுகளுக்காக.

சிங்கள விகாரை இலங்கைத் துறவிகளுக்கானது. போதிசிரி என்ற உபாசிகை, அதாவது பௌத்த இல்லறத்தாள், இலங்கைத் தேரர்களுக்காகச் சைத்தியம் எழுப்பி வெட்டிவைத்த பிராகிருதக் கல்வெட்டு ஒன்று உண்டு. அந்தத் தேரர்கள் எந்தெந்த நாடுகளை நல்வழிப்படுத்தினார்கள் என்று பட்டியல் போடுகிறாள்: காஷ்மீரம், காந்தாரம், சீனம், தோசலி, வங்கம், வனவாசி, யவனம் என்று வரும் வரிசையில் தமிழகமும் இருக்கிறது. ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு நாமும் ஒரு கணக்கில் இருந்திருக்கிறோம். பக்கத்திலேயே கார்த்திகேயன் கோயிலும் கண்டெடுத்திருக்கிறார்கள் என்றதும் பெரியப்பா, "நம்ம முருகனா!" என்று உற்சாகமானார். அது வந்ததோ இல்லையோ என்று தேடினோம். அது மேலே வரவில்லை, தண்ணீருக்குள்தான்.

அருங்காட்சியகத்தில் நான் நின்றது அந்த நினைவுத் தூண்கள் முன்னால். நம்மூர் நடுகல்லேதான். போரில் விழுந்த வீரனுக்கு, சாந்தமூல அரசனுக்கு, கைவினைஞர் ஒருவருக்குக்கூட ஒன்று. பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல் லேசான பச்சை ஓடிய வெண்மை. ஒரு தூணில் யானைமேல் போகிறவரின் முதுகுப்பக்கம் குடை பிடித்தவனுடைய விரல்கள்கூட ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. ரோமானியச் சாயலில் சிற்பங்கள் வேறு. திபேரியஸ், ஹாட்ரியன் காலத்துத் தங்கக் காசுகள் இந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்தன. ஓர் அறையில் மூழ்கிய பள்ளத்தாக்கின் சிறிய மாதிரி. பள்ளிப் பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் அதிகம் நின்றார்கள். லாஞ்சில் ஒன்றும் தெரியவில்லை என்ற பையன் இப்போது விரலை வைத்து, "நாம இப்ப இங்க" என்று மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

கடைசியாகப் படித்துறை. கிருஷ்ணைக் கரையில் இருந்ததைப் பெயர்த்து வந்து வைத்திருக்கிறார்கள். கல் படிகள் நேர்த்தியாக இறங்குகின்றன, கடைசிப் படிக்குப் பிறகு மண். கல் அசல், அடுக்கு அசல், அளவு அசல். ஆறு மட்டும் இல்லை. குளிக்க இறங்குகிறவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றிருப்பான், எதிர்க்கரையில் என்ன தெரிந்திருக்கும் என்று கேட்க வழியே இல்லை. காப்பாற்றியதைக் குறைத்துச் சொல்லவில்லை. இதையும் விட்டிருந்தால் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. ஆனால் கட்டடத்தைத் தூக்கலாம், அது இருந்த இடத்தைத் தூக்க முடியாது என்பது இந்தப் படியில் நின்றபோது புரிந்த அளவுக்குப் புத்தகத்தில் புரியவில்லை.

பெரியப்பாவிடம் சொன்னேன். "அணை வரலேன்னா இந்தப் பள்ளத்தாக்கை ஆறு வருஷம் எவன்மா உட்கார்ந்து தோண்டியிருப்பான்? இன்னும் காட்டுக்குள்ளேதான் கிடந்திருக்கும், பாதிக் கல்லை வீடு கட்ட எடுத்திருப்பாங்க" என்றார். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அது உண்மைதான். ஆனால் கெடு வைத்துத் தோண்டியதற்கும் ஒரு விலை இருக்கிறது. அறிக்கையின் முதல் தொகுதி வந்தது 1975இல், இரண்டாவது 2006இல். படிக்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்தால் திரும்பப் போய்ச் சரிபார்க்க நிலம் இல்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே லாஞ்ச் ஹாரன் அடித்துவிட்டது. பெரியப்பாவின் முழங்காலோடு அந்தப் பாதையில் வேகமாக இறங்கியது தனிக் கதை. பிக்கு மட்டும் தூபி முன்னால் கண்மூடி உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் போய்த் தோளைத் தொட்டு எழுப்பிக் கூட்டிவந்தார். அதுவரை லாஞ்சில் ஒரு பிள்ளைகூட முணுமுணுக்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு: தெலங்கானாக் கரை

அணைமேல் விடாததால் கீழே உள்ள பாலம் வழியாக அந்தப் பக்கம் போனோம். ஷேர் ஆட்டோ ஆளுக்கு 30 ரூபாய். புத்தவனம் என்று ஒரு பெரிய பூங்கா, 2022இல் திறந்தது. அமராவதித் தூபியைப் போல ஒரு பெரிய குவிமாடம், ஜாதகக் கதைச் சிற்பங்கள், பல நாட்டுத் தூபிகளின் சிறு வடிவங்கள். சுத்தமாக இருக்கிறது, கழிப்பறை நன்றாக இருக்கிறது, பலகைகள் படிக்கும்படி இருக்கின்றன. தீவிலும் அனுப்பிலும் இல்லாத அத்தனையும் புதிதாகச் செய்த இந்த இடத்தில் இருப்பது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

அதைவிட பைலான் காலனி பிடித்தது. 1955 டிசம்பர் 10 அன்று நேரு அடிக்கல் நாட்டியதற்கான நினைவுத் தூண் இங்கே இருக்கிறது, அதனால் அந்தப் பெயர். அணை கட்ட வந்தவர்களுக்காக எழுந்த குடியிருப்பு. ஓடு வேய்ந்த பழைய குவார்ட்டர்ஸ், அகலமான தெருக்கள், புளியமரங்கள். டீக்கடைத் திண்ணையில் எண்பதைத் தொட்ட ஒரு பாட்டி. பாலமூருக்காரர், அதாவது மகபூப்நகர்ப் பக்கம். வானம் பார்த்த பூமி, மழை பொய்த்தால் கூட்டம் கூட்டமாக அணைக்கட்டு வேலைக்குப் போகிறவர்கள் என்று பாலமூர் ஆட்களுக்கு நாடெங்கும் பெயர். கல்யாணமான புதிதில் புருஷனோடு வந்து கல் சுமந்தாராம். எப்படி என்று பெரியப்பா கேட்டதும், தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டே சுற்றில் சும்மாடாக்கித் தலையில் வைத்து, கழுத்தை நேராக்கிக் காட்டினார். சாரம் ஆடும், கீழே பார்க்கக் கூடாது, முன்னால் போகிறவளின் குதிகாலை மட்டும் பார்க்க வேண்டும் என்றார். எத்தனை தூக்கியிருப்பீர்கள் என்றேன். சிரித்துவிட்டு, அணையை நோக்கிக் கையைக் காட்டினார்.

பெரியப்பா எழுந்து நின்று கும்பிட்டார். பாட்டிக்குக் கூச்சமாகிவிட்டது. "என்ன பாபு இது" என்று சொல்லி, எங்கள் இரண்டு டீக்கும் தன் கணக்கில் காசு கொடுக்கப் போனார். நாங்கள் தடுக்க, கடைக்காரர் யாரிடமும் வாங்காமல் பிரச்சினையை முடித்தார். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பாரம்பரியம் என்று பேசும்போது இந்த அணையையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். சாந்தசிரியின் தூபிக்குச் செங்கல் சுமந்தவர்கள் பெயரும் தெரியாது, இதற்குக் கல் சுமந்தவர்கள் பெயரும் எங்கும் வெட்டியில்லை. பாட்டிகள் இருக்கும்போதே யாராவது வந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டு போகலாம்.

மாலை பஸ்ஸில் திரும்பும்போது, வாங்கிய கோங்கூரா ஊறுகாய் மூடி கழன்று பைக்குள் எண்ணெய். என் இரண்டு சுடிதார் போயின. 250 ரூபாய் ஊறுகாய்க்கு ஆயிரம் ரூபாய் நஷ்டம். பெரியப்பா அதைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்து ஆலம்பூர் போவோம் என்கிறார். ஸ்ரீசைலம் அணைக்காகக் கூடவெல்லி சங்கமேஸ்வரர் கோயிலை அங்கேதான் பெயர்த்து வைத்திருக்கிறார்கள், கிருஷ்ணையும் துங்கபத்ராவும் கூடும் இடத்திலிருந்து எடுத்த சாளுக்கியர் கோயில். அணை பார்க்க அவருக்கு, கோயில் பார்க்க எனக்கு. ஆனால் லாட்ஜ் தரைத்தளத்தில் இருக்க வேண்டும், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்க வேண்டும், லாஞ்ச் எதுவும் கூடாது என்று மூன்று நிபந்தனை. மூன்றாவதுக்கு நானும் சரி என்றேன்.